குதிரைக்கு நாடி பிடித்தவன்

"இன்னும் எறங்கலம்மா" என்றேன், குதிரையின் தாடைக்கடியில் கட்டைவிரலை அழுத்தியபடி.

பிரவீணா என்னை முறைத்தாள். புருவமெல்லாம் புழுதி. இந்த நெடுந்தூரக் குதிரையோட்டத்துக்காகப் புதுச்சேரியிலிருந்து வந்தவள். கோட்டையைச் சுற்றிக்கொண்டு, செஞ்சிக்கு வெளியே இருந்த எங்கள் முகாமுக்கு முதல் ஆளாக வந்து சேர்ந்திருந்தாள்.

முகாமில் குதிரையின் நாடி அறுபத்து நாலுக்குக் கீழே இறங்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் இறங்கினால் மறுபடி ஓடலாம். இல்லையென்றால் அதோடு சரி, வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதைப் பார்த்துச் சொல்லும் தன்னார்வலன் நான். கடைத்தெருவில் ஜவுளி விற்பவன். குதிரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உதைக்கும் என்பதுதான்.

உண்மையைச் சொன்னால், வந்தது பச்சைச் சட்டைக்கும் விசிலுக்கும். காலையில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நான் அந்த நேரத்தில் பஜார் வாட்ஸ்அப் குரூப்புக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி எண்ணினேன். நூற்றுப் பத்து. அதிலும் நடுவில் ஒரு துடிப்பு காணாமல் போய், பிறகு இரண்டாகச் சேர்ந்து வந்தது.

"நின்னு நின்னு அடிக்குதும்மா. வாயில்லா ஜீவனை இப்பிடியா வெரட்டுவ?"

"இவ அமைதியாத்தான் நிக்கிறா அங்கிள். நல்லா பாருங்க."

நல்லா பாருங்களாம். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவி, துணியின் தரம் சொல்கிற ஆளிடம்! எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஜீவகாருண்யம் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். பாதியில் மூச்சு வாங்கியது. செஞ்சி வெயில் சும்மாவா?

அடுத்து வந்த குதிரையைப் பக்கத்திலிருந்த தன்னார்வலர் பார்த்து அனுப்பியும் விட்டார். அது கிளம்பிப் போவதைப் பார்த்த பிரவீணா அழுதேவிட்டாள்.

நான் அசையவில்லை. நேர்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

சத்தம் கேட்டுக் கால்நடை மருத்துவர் நீலாவதி வந்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் குதிரையின் நெஞ்சில் வைத்துக் கேட்டார்.

"அம்பத்திரெண்டு. சூப்பரா இருக்குது. நீ கெளம்பும்மா."

பிரவீணா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு மானம் போயிற்று. "நான் எண்ணினேனே டாக்டர்" என்று கட்டைவிரலை நீட்டிக் காட்டினேன்.

அவர் சிரித்துவிட்டார். "கட்டைவெரல்லயே ஒரு நாடி ஓடுது சார். அதை வெச்சா நம்பளுதுதான் தெரியும். ஆள்காட்டி வெரலும் நடுவெரலும் வெச்சிப் பாக்கணும்."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்ய? குரூப்பில் இது போனால் தீபாவளி வரை என்னை வைத்து ஓட்டுவார்கள்.

டாக்டரின் சிரிப்பு மட்டும் சட்டென்று நின்றது.

"எவ்ளோன்னு சொன்னீங்க?"

"நூத்திப் பத்து. நின்னு நின்னு..."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வாட்சைப் பார்த்தபடி உதடு அசைய எண்ணினார். ஒருமுறை எண்ணி முடித்துவிட்டு, கையை விடாமல் மறுபடியும் எண்ணினார்.



கிளம்பிவிட்ட பிரவீணா கடிவாளத்தை இழுத்துப் பிடித்துத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குதிரையை விட்டு இறங்கினாள்.

"யார்கிட்ட கார் இருக்கு?" என்று கேட்டாள்.