எந்த ஊர் நேரம்?

தூக்க ஆராய்ச்சி மையத்தில் பதிவுகளைச் சரிபார்க்கும் அதிகாரிக்கு எரிச்சலாக வந்தது. கடல் தாண்டி வேறொரு நாட்டில் இருக்கும் வயதான பெண்மணி ஒருவர், ராத்திரி பூரா விழித்திருந்து பகலெல்லாம் தூங்குவதாக அவருடைய கைக்கடிகாரப் பதிவு காட்டியது.

"நேர வித்தியாசத்தைச் சேர்க்காம விட்டுட்டீங்க. இது அந்த ஊர் நேரமே இல்லை," என்றாள் புரோகிராமரிடம்.

"ரெண்டு தடவை பார்த்துட்டேன் மேடம். ஊர் நேரம், உலகப் பொது நேரம் ரெண்டும் விதிப்படி சரியா இருக்கு."

"அப்போ அந்த அம்மா என்ன ஆந்தையா? கேட்டுடுங்க. இல்லைன்னா பதிவையே நீக்கிடலாம்."

பதிவில் பெயர் கிடையாது, அடையாள எண் மட்டும்தான். அதைத் தட்டினால் கணினியே அழைக்கும். புரோகிராமர் தட்டிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டான். அங்கே அப்போது நடுநிசி. முதல் மணியிலேயே அந்தப் பெண்மணி எடுத்துவிட்டார்.

"ராத்திரியில தூங்க மாட்டீங்களாம்மா?"

"பொண்ணு வெளிநாட்டுல இருக்கா தம்பி. அங்கே பகலா இருக்கும்போதுதான் அவளுக்குக் கை ஒழியும். நான் தூக்கக் கலக்கத்துல பேசினா, 'நீ தூங்கு, அப்புறம் கூப்பிடுறேன்'னு வெச்சுடுவா. அதான் பகல்லயே தூங்கி முடிச்சுடுறேன்."

"தினமும் கூப்பிடுவாங்களா?"

"வேலை ஜாஸ்தி அவளுக்கு. ஏதோ ஆராய்ச்சி, இந்த வாட்சைக் கட்டிக்கோன்னு சொல்லத்தான் கடைசியாக் கூப்பிட்டா." குரல் தயங்கியது. "வெச்சுடட்டுமா தம்பி? அவ கூப்பிட்டா லைன் கிடைக்காது."

புரோகிராமர் திரும்பி அதிகாரியைப் பார்த்தான்.

'அம்மா, நான்தான்' என்று சொல்ல அவள் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள். அதற்குள் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.