பிறவி நிறம்

இத்தாலியில் ஒரு மலையடிவாரம். அங்கே ஒயின் தொட்டி ஒன்றின் அடியில் திராட்சைச் சக்கை ஓய்ந்து கிடந்தது. மூங்கில் தட்டுகளில் நாலு மாதம் காய்ந்த பழங்களின் தோல் அது. தன் நிறத்தையும் சாரத்தையும் தன்னோடு ஊறிய பெரிய ஒயினுக்குக் கொடுத்திருந்தது. பெரிய ஒயினோ போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் பக்கத்து அறைப் பீப்பாய்க்குப் போய்விட்டது.

அந்தச் சமயம் வெளிறிப்போன இளம் ஒயின் ஒன்றைச் சக்கையின் மேல் ஊற்றினார்கள். சுவைக்க வந்தவர்களிடம் பெரிய ஒயின் பேசுவது சுவர் தாண்டிக் கேட்டது.

"இந்த நிறமா? எனக்குப் பிறவியிலேயே வந்ததுங்க."

"கொஞ்சமாவது நன்றி வேண்டாமா அக்கா?" என்று இளம் ஒயின் கொதித்தது. "நானா இருந்தா போற இடமெல்லாம் உங்க பேரைத்தான் சொல்வேன்."

"பேர் கிடக்கட்டும் தம்பி. வந்ததுதான் வந்தே, நல்லா ஊறிட்டுப் போ. மிச்சம் இருக்கிறதை எடுத்துக்கோ."

பத்து நாள் ஊறியதில் இளம் ஒயினுக்கு நிறம் ஏறியது, உடம்பும் தேறியது. பதினோராம் நாள் அதையும் வடித்து எடுத்துப் போனார்கள்.

பேர் கிடக்கட்டும் என்று சொல்லியாயிற்று. ஆனாலும் சக்கை சுவர்ப்பக்கமே காதை வைத்திருந்தது.

"அடேயப்பா, என்ன நிறம்!" என்றார் யாரோ.

"பிறவியிலேயே இப்படித்தாங்க," என்றது இளம் ஒயின்.

சக்கை சுவரிலிருந்து காதை எடுத்துக்கொண்டது. ஆள் வந்து அதை அள்ளி, சாராயம் காய்ச்சும் அண்டாவில் போட்டார்.

"இதுல இன்னும் என்ன இருக்கப் போகுது?" என்று அண்டா முகம் சுளித்தது.

"அடுப்பைப் பத்த வைக்கச் சொல்லு, தெரியும்," என்றது சக்கை.