இருபத்துநான்கு முழங்கால்கள்

சுங்கத்துறை உதவி ஆணையர் அதை மேசைமீது வைத்தார்.

கறுப்பு உலோகம். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. நடுவில் எண்ணெய் அடைத்த ஒரு சின்ன உருளை.

"இது ஹைட்ராலிக் சிலிண்டர். மெஷின் பார்ட்ஸ். நீங்க செயற்கைக் காலோட பாகம்னு போட்டிருக்கீங்க."

எதிரே உட்கார்ந்திருந்த அவள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

ஜெர்மனியிலிருந்து கொழும்பு வழியாகத் தூத்துக்குடி வந்து சேர முப்பத்தெட்டு நாள். சுங்கக் கிடங்கில் பதினோரு நாள். பெட்டிக்குள் இருபத்துநான்கு முழங்கால் மூட்டுகள்.

பாளையங்கோட்டையில், செயற்கைக் கால் செய்யும் எபனேசரின் பட்டறையில் இருபத்துநான்கு பேர் அளவு கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அதில் ஒரு வாத்தியாருக்கு விடுப்பு மாதக் கடைசியோடு முடிகிறது.

இயந்திர பாகம் என்று எழுதப்பட்டால் இறக்குமதித் தீர்வை ஏறிவிடும். பாதிப் பேரால் வாங்க முடியாது.

சுங்க முகவராகச் சொந்தப் பெயரில் அவள் தாக்கல் செய்த முதல் ஆவணம் இது. பதினான்கு ஆண்டுகள் இன்னொருவர் அலுவலகத்தில் இதே தாள்களைத் தட்டச்சு செய்தாள். கையெழுத்து முதலாளியுடையது. உரிமத் தேர்வில் மூன்றாம் முறைதான் தேறினாள்.

அந்த முதலாளி நேற்று போனில் கூப்பிட்டார். கேட்கிற தீர்வையைக் கட்டிப் பெட்டியை எடு, வாதமெல்லாம் பிறகு என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

இன்று காலை வராந்தாவில் எபனேசர் வேறொன்று சொன்னார்.

"உன் காலையே காட்டிரேம்மா. அஞ்சு நிமிசத்துல விட்டுருவாரு."

அவளுடைய இடது கால் அவர் செய்து கொடுத்தது. சுடிதாருக்குள் தெரியாது. நடந்தால் ஒரு சின்ன இழுப்பு.

"அது இரக்கப்பட்டு விடுறது அண்ணாச்சி. அடுத்த பெட்டி வரும்போது வேற ஆபீசர் இருப்பாரு. அவருக்கும் காட்டணுமா?"



தன் நடை கண்ணில் படாதபடி, அதிகாரி வருமுன்பே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது தீர்வை நூலைத் திறந்தாள். அத்தியாயத்தின் தொடக்கத்தில், பொடி எழுத்தில், ஒரு குறிப்பு. அவசரத்தில் இருப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு பொருளுக்கென்றே செய்யப்பட்ட பாகம் அந்தப் பொருளோடுதான் சேரும்.

வாசித்தாள்.

இதற்கென்றே செய்ததுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார் அவர்.

தயாரிப்பாளரின் விவரத்தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். ஜெர்மன் மொழியில் இருந்தது. கூடவே சான்றொப்பமிட்ட மொழிபெயர்ப்பு. ஒரு வரியில் விரலை வைத்தாள்.

அணிபவரின் உடல் எடை: நூறு கிலோ வரை.

"எந்த மெஷினுக்கு சார், ஆளோட எடையைப் பார்த்து பார்ட்ஸ் வாங்குவாங்க?"

அவர் அந்த வரியைப் படித்தார்.

திரும்பவும் படித்தார்.

பிறகு அந்த முழங்கால் மூட்டைக் கையில் எடுத்து மடக்கினார். அது மெதுவாக, சத்தமில்லாமல் மடங்கியது. ஒருவர் நாற்காலியில் உட்காரும்போது கால் மடங்குகிற மாதிரி.

கோப்பில் எழுதத் தொடங்கினார். குறிப்பின் எண்ணையும் எழுதினார். அவள் எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகவே வாசித்தாள்.

முகவரின் வகைப்பாடு ஏற்கப்படுகிறது.

"இந்தக் குறிப்பு எப்படி இவ்வளவு ஞாபகமா இருக்கு?" என்றார் மூடியைப் பேனாவில் பொருத்தியபடி.

"பரீட்சைக்குப் படிச்சது சார். மூணு தடவ."

வெளியே எபனேசர் உத்தரவைக் கடைசி வரி வரை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வண்டி பிடிக்கிறேன் என்று முன்னால் இறங்கிப் போனார்.

இரண்டு மாடிப் படிகள். ஆள் நடமாட்டம் ஓயும்வரை நின்றுவிட்டுத்தான் அவள் எப்போதும் இறங்குவாள். இன்று சாப்பாட்டு நேரம். எல்லாரும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

கைப்பிடியைப் பிடித்தாள்.

இடது காலை முதலில் கீழே வைத்தாள். பிறகு வலது கால். அடுத்த படி.

பின்னால் வேகமாக வந்த செருப்புச் சத்தம் ஒன்று சட்டென்று நின்றது.

திரும்பினாள். உதவி ஆணையர். கையில் சாப்பாட்டுப் பை. அவர் அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க முன்னால போங்க சார்," என்று ஒதுங்கினாள்.

"இல்ல மேடம். நீங்க போங்க."

அடுத்த படியில் இடது காலை வைத்தாள்.

அவசரப்படவில்லை.