சவரியப்பன் போட்ட பிளைட் கணக்கு

“உலகத்துல எந்த ஊருக்கும் எந்த ஊரும் தூரமில்ல மேரி. தூரத்தை வேகத்தால வகுக்கத் தெரியாதவங்களுக்குத்தான் தூரம்” என்றார் சவரியப்பன். மிஷன் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் கணக்கு நடத்தியவர், ஓய்வுபெற்ற பிறகு கே.கே. நகர் வீட்டில் மனைவி சகாயமேரிக்கு மட்டும் நடத்திக்கொண்டிருந்தார்.

மூன்று மாதக் கம்பெனி வேலை முடிந்து, மகள் ஐரின் சிங்கப்பூரிலிருந்து அன்றைக்குத்தான் திரும்புகிறாள்.

“மொத்தம் மூவாயிரம் கிலோமீட்டர். பிளைட்டு மணிக்கு எழுநூத்தம்பது. ஆக நாலு மணி நேரம். பதினொண்ணுக்குக் கிளம்பினா மூணுக்கு இறங்குவா. ரெண்டே முக்காலுக்குப் போனாப் போதும்.”

“பன்னெண்டரைக்கெல்லாம் வந்துருவேன்னுல்ல சொன்னா?”

“பதினொண்ணுக்கு ஏறி பன்னெண்டரைக்கு இறங்க அதென்ன ராக்கெட்டா? தூக்கக் கலக்கத்துல உளறியிருப்பா. நேத்து ஏழரைக்கே போன் போட்டு, தூங்கப் போறேங்கிறா. மூணே மாசத்துல பிள்ளையச் சோம்பேறியாக்கிட்டாய்ங்க.”

“பிள்ளை வந்து ஒத்தையில நிக்கக் கூடாதுங்க. இப்பவே போயிருவோமே.”

“போயி? கம்பியப் பிடிச்சுக்கிட்டு, கதவு திறக்கிறப்பல்லாம் எட்டி எட்டிப் பாக்கவா? அதுக்குன்னே ஒரு கூட்டம் அலையுது. படிச்சவன் செய்யிற வேலையா அது?”

சகாயமேரி அடுத்த முருங்கைக்காயை எடுத்தார். நறுக்கும் சத்தம் கொஞ்சம் கூடியது.

பன்னிரண்டரைக்கு சவரியப்பன் சட்டையை மாட்டினார். “காருக்குப் பெட்ரோல் போட்டுட்டு வாரேன்.”

பெட்ரோல் பங்க் தெருமுனையிலேயே இருந்தது. கார் அதைத் தாண்டியது, ரிங் ரோட்டைப் பிடித்தது, ஒன்று ஐந்துக்கு விமான நிலைய வாசலில் போய் நின்றது.

தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அவர் கம்பியைப் பிடித்தார். கதவு திறந்தது. எட்டிப் பார்த்தார், ஒரு விமானி. மறுபடி திறந்தது. தரை துடைப்பவர். அவரையும் எட்டிப் பார்த்தார்.

பக்கத்தில் நின்றவர் கேட்டார். “எந்த பிளைட்டுண்ணே?”

“சிங்கப்பூர். அதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கிடக்கு தம்பி. நான் சும்மா இந்தப் பக்கமா வந்தேன்.”

அவர் சவரியப்பனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

பின்னாலிருந்து யாரோ தோளைத் தட்டினார்கள். திரும்பினால், ஒரு கையில் பெட்டியும் மறு கையில் ஆறிப்போன டீயுமாக ஐரின்.

“ஏம்மா... நாலு மணி நேரமாகுமே!” என்றார். முப்பத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அவருக்கு விடை இடித்தது.

“நாலு மணி நேரந்தாம்ப்பா ஆச்சு. அங்க பதினொண்ணுன்னா இங்க எட்டரை.” பெட்டியை அவர் கையில் திணித்தாள். “உங்க போனு வீட்டுலயே அடிக்குதாம். கால் மணி நேரமா அந்தத் தூணுகிட்ட ஒத்தையில நிக்கிறேன். ஏம்ப்பா இம்புட்டு லேட்டு?”