கருங்காலி மேடம்

"கருங்காலி! கருங்காலி!"

வாசலில் நின்றவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். மேடம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. யாரும் உள்ளே போகக்கூடாதென்று குறுக்கே கட்டியிருந்த சிவப்பு ரிப்பனைக் கையால் தூக்கி, குனிந்து, உள்ளே போய்விட்டார்.

கத்தாமல் நின்றது ஸ்பீக்கர் மட்டும்தான்.

ஆள் ஒல்லிக்குச்சி. குரல் தெருக்கோடிவரை கேட்கும். அதனால் அந்தப் பெயர். அங்கே பகுதிநேர ஆசிரியை. அதே மேடத்திடம் ஆராய்ச்சி மாணவியும்கூட.

பல்கலைக்கழகத்தில் தொழிலாளர் உறவுத் துறை அது. வேலைநிறுத்தம் ஏன் வருகிறது, எப்படி முடிகிறது என்று பாடம் சொல்லிக்கொடுக்கிற இடத்திலேயே இப்போது வேலைநிறுத்தம்.

பகுதிநேர ஆசிரியர்களைப் பருவம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த பருவத்துக்கு மறுபடி கூப்பிடுவார்கள். இந்தத் தடவை, பிரசவத்துக்குப் போயிருந்த ஒருத்தியை மட்டும் கூப்பிடவில்லை. போய்க் கேட்டதற்கு, "பச்சைக் குழந்தையை வச்சுக்கிட்டு ஏம்மா கஷ்டப்படுறே?" என்று கரிசனமாகக் கேட்டாராம் துறைத்தலைவர்.

அவ்வளவுதான். மொத்தப் பேரும் வெளியே வந்துவிட்டார்கள்.

"என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்றார் தாடி. சங்கச் செயலாளர். அவர் தாடிக்குத்தான் எல்லோரும் மரியாதை கொடுப்பார்கள்.

"எனக்குப் புரியல தாடி."

"இதுல புரியறதுக்கு என்ன இருக்கு? நம்ம வகுப்புங்களை நிரந்தர ஆசிரியர்கள் யாராவது எடுக்கிறீங்களான்னு துறைத்தலைவர் கேட்டாரு. மத்தவங்க யோசிக்கிறதுக்குள்ள இந்தம்மா கையைத் தூக்கிட்டாங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, மொத்தத்தையும் நானே பார்த்துக்கிறேன்னு!"

"அந்தப் பிரசவ விஷயத்துக்கு முதல்ல சண்டை போட்டதே அவங்கதானே?"

"போட்டாங்க. அப்புறம் அவர் ரூமுக்கே போய், 'அவசரப்பட்டுப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க'ன்னு மன்னிப்பும் கேட்டாங்க. தலைவர் ஓய்வு பெறப் போறாரில்ல? நாற்காலி காலியாகுது. கணக்கு சரியாப் போச்சா?"

கணக்கு சரியாகத்தான் வந்தது. ஸ்பீக்கருக்கு மனசுதான் ஒப்பவில்லை.

கருங்காலி என்ற வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்ததே மேடம்தான். "கூட வேலை பார்க்கிறவன் வயித்துக்காகப் போராடறப்ப, பின்வாசல் வழியாப் போய் அவன் வேலையைச் செய்றவன்" என்று வகுப்பில் சொல்லும்போது அவர் முகம் சுருங்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இப்போது பின்வாசல்கூட இல்லை, முன்வாசல் வழியாகவே போகிறார்!

வீட்டுக்கு வந்து அக்காவிடம் புலம்பினாள்.

"உன் ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போடப்போறது அந்தம்மாதானே? வாயை மூடிக்கிட்டு நில்லு" என்றாள் அக்கா.

அதுவும் சரியாகப் படவில்லை. கத்தினால் நன்றி கெட்டவள். கத்தாவிட்டால் கோழை. தான் இதில் எது என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாளும் மேடம் வந்தார். அதே கூச்சல். அதே குனிந்த தலை. ரிப்பனைத் தாண்டும்போது ஒரு விநாடி நின்று, ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கேட்கிற மாதிரி ஒரு பார்வை.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. தாடி அசந்த நேரம் பார்த்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். தரைத்தளத்தில்தான் அந்தப் பெரிய வகுப்பறை. எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்து அங்கேதான் உட்கார வைத்திருந்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வியாவது கேட்டுவிட வேண்டும்.

ஜன்னல் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தாள்.

கரும்பலகை துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. முன்வரிசையில் ஒருவன் மேசைமேல் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். பின்னால் குசுகுசுவென்று பேச்சு, சிரிப்பு. மேடம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மேடம்!"

திடுக்கிட்டு எழுந்து ஓடிவந்தார். "இங்க ஏம்மா வந்தே? யாராவது பார்த்துடப் போறாங்க!"

"பார்க்கட்டுமே! உங்கமேல எவ்வளவு மரியாதை வச்சிருந்தேன் தெரியுமா? உங்களுக்குக் கொஞ்சம்கூட..." மறுபடி உள்ளே பார்த்தாள். "என்ன மேடம் இது? பாடம் நடத்தலையா?"

"இல்ல."

"நேத்து?"

"நேத்தும் இல்ல."

"பசங்க போய்ப் புகார் சொல்ல மாட்டாங்களா?"

"வகுப்புல நிம்மதியாத் தூங்க விட்டா, எந்தப் பிள்ளைம்மா போய்ப் புகார் சொல்லும்?"

ஸ்பீக்கர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணுமே புரியல. பாடம் நடத்த இஷ்டமில்லைன்னா, எங்களோட வாசல்ல வந்து நிக்கலாமே? எதுக்கு இப்படி எல்லார்கிட்டயும் பேச்சு வாங்குறீங்க?"

"திட்டட்டும். நீங்க திட்டத் திட்டத்தான் தலைவர் என்னை நம்புவாரு. நீதான் வாயே திறக்க மாட்டேங்குறே. உன் குரல் கேக்கலைன்னா அவருக்குச் சந்தேகம் வந்துடும்."

"ஆனா மேடம், இத்தனை வகுப்பையும் எதுக்காக வாங்கிக்கிட்டீங்க?"

மேடம் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஜன்னல் கம்பிக்கு அருகில் வந்து சொன்னார்:

"நான் வாங்கிக்கலைன்னா வேற யாருக்காவது கொடுத்திருப்பாங்க. அவங்க பாடம் நடத்தியிருப்பாங்களேம்மா!"