பதினொரு மணிக்குக் காலி செய்யவும்

மறுபடியும் கதவைத் தட்டிவிட்டு, காதை மரத்தோடு ஒட்டிவைத்துக் கேட்டாள் ஹம்சா. உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வேறு சத்தமே இல்லை.

"அனிருத்! பதினொண்ணு தாண்டியாச்சுப்பா. ரூமைக் காலி பண்ணணும்."

கைப்பிடியைத் திருகித் தள்ளினாள். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

மயிலாப்பூரில் தன் வீட்டு மாடி அறையை ஆன்லைனில் நாள் வாடகைக்கு விட்டுவந்தாள் ஹம்சா. தங்குகிறவர்கள் பதினொரு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும், அடுத்தவர்கள் ஒரு மணிக்குமேல்தான் வரலாம். முன்பொருமுறை ஒருவர் சாயங்காலம் வரை நகராமல் உட்கார்ந்துகொள்ள, அடுத்து வந்த குடும்பம் பெட்டியும் கையுமாக வெயிலில் தெருவில் நின்றது. அன்றைக்குப் பிடித்த பிடி. யாருக்காகவும் அவள் நேரத்தைத் தளர்த்துவதில்லை. இன்றைக்கு வரப்போகிற ஆம்பூர்க்காரர் நதீம், கொஞ்சம் முன்னால் விடமுடியுமா என்று நேற்று போனில் கேட்டபோதும், முடியவே முடியாது என்று வைத்துவிட்டாள்.

ஆனால் இப்போது அவளைக் கதவருகே நிறுத்தியிருந்தது நேரம் இல்லை. அந்தப் பையன்.

முந்தாநாள் தனியாக வந்தான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிட்ட மாதிரியும் தெரியவில்லை. நேற்று சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனபோது, அவன் படியில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"எல்லாம் முடிஞ்சுதும்மா. நாளைக்குக் காலையில போயிடுவேன். என்னை நினைச்சு அழாதே. அப்பாவைப் பார்த்துக்கோ."

அவளைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். ஏதோ வீட்டு விஷயம், நமக்கெதற்கு என்று அவளும் இறங்கி வந்துவிட்டாள். அந்தப் பேச்சு இப்போது ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பக் கேட்டது. அவன் எண்ணை அழுத்தினாள். சுவிட்ச் ஆஃப்.

"அனிருத், எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்ப்பா! கதவைத் திற. திறக்கலேன்னா போலீஸைக் கூப்பிட்டுடுவேன்!"

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. உள்ளே யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். தரையில் கரகரவென்று உரசி, சட்டென்று நின்றது.

அந்த அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டால் கை எட்டும். மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"வேம்பு! வேம்பு! சீக்கிரம் ஓடி வாயேன்!"

எதிர்வீட்டு வேம்பு மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தான்.

"என்ன மாமி, என்ன ஆச்சு?"

"அந்தப் பையன் உள்ளே தாழ்ப்பாள் போட்டுண்டு ஏதோ பண்ணிக்கறான்டா. நாற்காலியை இழுக்கற சத்தம் கேட்டுது. எனக்குப் பயமா இருக்கு."

"பதறாதேங்கோ. மொதல்ல ஜன்னல் வழியாப் பாக்கலாம்."

ஜன்னலும் சாத்தியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் திரை. வேம்பு தட்டிப் பார்த்தான், கூப்பிட்டுப் பார்த்தான். போலீஸுக்குப் போன் போட அவன் பைக்குள் கைவிட்டபோது, உள்ளேயிருந்து மெல்லிதாக ஒரு முனகல் வந்தது. பாதியிலேயே அமுக்கிவிட்டாற்போல அது நின்றுபோனது.

"கேட்டுதா? கழுத்து இறுகற சத்தம்டா! ஐயோ, பெத்தவாளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்! ஒடைடா கதவை!"

வேம்பு தோளால் மோதினான். கதவு அதிர்ந்ததே தவிர அசையவில்லை. ஹம்சாவும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவனோடு சேர்ந்து மோதினாள். நேற்றே அந்தப் படியில் உட்கார்ந்து, என்னப்பா கஷ்டம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது.

தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு வந்தது. கதவுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்திருந்த நாற்காலி தடாலென்று சாய்ந்தது. ஹம்சா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மேலே பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"மாமி," என்றான் வேம்பு. அவன் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "கண்ணைத் திறந்து பாருங்கோ."

மின்விசிறி தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அனிருத்தைக் காணோம். அவன் பெட்டியையும் காணோம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு இளம்பெண் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கைக்குழந்தை, நெற்றியில் ஈரத்துணி. அழுகை வெளியே கேட்டுவிடாமல் இருக்க அதன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா நீ? இங்கே இருந்த பையன் எங்கே?" என்று கேட்டான் வேம்பு.

"அந்த அண்ணன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறாராம். ஃபிளைட்டுக்கு நேரமாச்சுன்னு விடியும்போதே கிளம்பிட்டாரு. நாங்க கேட்டாண்ட உக்காந்திருந்தோம். புள்ளைக்கு ஜுரம் கொதிக்குதுன்னு பார்த்துட்டு, அவருதான் சாவியைக் குடுத்துட்டுப் போனாரு."

அவள் குழந்தையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, தட்டுத்தடுமாறி எழுந்து நின்றாள். ஹம்சாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே பயந்தாள்.

"நான் நதீம் சம்சாரம் மேடம், அவரு மருந்து வாங்கப் போயிருக்காரு. ஒரு மணி ஆகிற வரைக்கும் நான் வேணா தெருவுல நிக்கிறேன், புள்ளை மட்டும் இங்கேயே தூங்கட்டும்!"