படையெடுத்தவன் பக்கம்

டிவிச் செய்தியில் ஒரு நாட்டின் டாங்கிகள் இன்னொரு நாட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. சிங்கராசா கதிரையை மகள் சுவேதினி பக்கம் திருப்பினார்.

"அதிலயும் ஒரு நியாயம் இருக்குத்தானே, பிள்ளை? தங்கட பாஷை பேசுற சனத்தைக் காப்பாத்தத்தானே போறாங்கள்."

பட்டம் வாங்கியதிலிருந்து சுவேதினியின் வாய்க்கு வீட்டில் பூட்டில்லை.

"எங்களையும் காப்பாத்தவெண்டுதான் அக்கரையில இருந்து ஒரு ஆமி வந்தது. பெரியப்பாவைச் சுட்டது ஆர்?"

"முந்தி அது அவங்கட நிலமாம்."

"எங்கட கடலுக்குள்ள அக்கரை இழுவைப்படகு மீன் அள்ள வந்தா மட்டும் துள்ளுறீங்கள். இங்க ஒரு ஞாயம், அங்க ஒரு ஞாயமோ? அடுத்தவன்ர நாட்டுக்குள்ள துவக்கோட போறவன் கொலைகாரன்தான், அப்பா!"

அப்பா கத்துவார் என்று பார்த்திருந்தாள். அவர் அழுதார்.

"உன்ர தம்பி காலமை போனில கோல் எடுத்தவன். பிரான்சுக்கெண்டு கூட்டிக்கொண்டு போன ஏஜென்சிக்காரன் அவனை டிவியில போற அந்த ஆமியிலதான் சேர்த்துவிட்டிருக்கிறான். நாளைக்கு எல்லை தாண்ட வேணுமாம். 'இது பாவமோ அப்பா' எண்டு கேக்கிறான்."

சுவேதினி டிவியை நிறுத்தினாள்.

"ஒருத்தரையும் சுட வேண்டாம். அங்கால போன உடனே கையைத் தூக்கிக்கொண்டு சரணடையச் சொல்லுங்கோ!"

சிங்கராசா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க கடைசிச் சண்டையில ஆமியிட்டச் சரணடைஞ்ச எங்கட பிள்ளையளில ஆர் திரும்பி வந்தவை?"